வரிப்பத்தான்சேனையும் வெந்நீரில் எழுந்த குமிழிகளும்

கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் கடற்கரைச் சாலையிற் பயணம் செய்வோருக்கு, ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது எளிதன்று. சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று, ஒன்றின் தோளில் மற்றொன்று கை போட்டாற்போல ஊர்கள் நெருங்கி நிற்கின்றன. அக்கரைப்பற்றை அடைந்து, மேற்கே அம்பாறையை நோக்கித் திரும்பியதும் காட்சி மாறிவிடுகிறது. கடற்காற்றின் உப்பு மறைந்து சேற்றின் மணம் நாசியை எட்டுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வயல். வயலுக்கு நடுவே காவல் வாடிகள். வரம்புகளில் தவம் புரியும் கொக்குகள். இறக்காமத்துக் குளத்தின் அயலிலே, இப்பசுமைக்கிடையில் அமைந்திருக்கிறது நாம் காணச் சென்ற வரிப்பத்தான்சேனை.

காட்டை வெட்டி எரித்து, வானத்தை நம்பிச் செய்யும் பயிர்நிலத்துக்குச் சேனை என்று பெயர். பெயரில் சேனை நின்றுவிட்டபோதிலும் இன்று இவ்வூரின் உயிர் நெல்லில் இருக்கிறது. 'வேளாண்மை' என்றாலே இப்பகுதியில் நெற்பயிர் என்பதே பொருள். 'வேளாண்மை எப்படி?' என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டாரின் சுகம் விசாரிக்கிறார்கள். கல்லோயா என்று இன்று வழங்கும் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறிக்கும் பெருந்திட்டம் 1949 இல் தொடங்கியது. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. இலங்கையின் நெற்களஞ்சியங்களுள் ஒன்றெனப் பெயர் பெற்ற இம்மாவட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு போகம். பெரும்போகத்துக்கு வாடைக்காற்று மழை கொண்டுவருகிறது. சிறுபோகத்துக்குக் குளத்து நீர் வேண்டும்.

நீர் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போகம் தொடங்குமுன் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடிக் கூட்டம் நடத்துகிறார்கள். எந்த நாளில் வாய்க்காலில் நீர் திறப்பது, எந்த நாளுக்குள் விதைப்பை முடிப்பது, எந்த நாளில் நீரை அடைப்பது என்பன அங்கே தீர்மானமாகின்றன. தீர்மானித்த பின் அந்நாள் எவருக்காகவும் காத்திராது. நீர் வரும்போது உழாதவன், அயலவன் விதைத்து முளை காட்டும்போது வெறுஞ்சேற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவன் பயிர் முற்றும் வேளையில் வாய்க்காலில் நீர் நின்றுவிடும். ஆகவே, இவ்வூரில் ஓர் உழவு இயந்திரம் ஒரு வாரம் படுத்துவிட்டால், அது இரும்புக்கு வந்த நோயாக நின்றுவிடாது. ஒரு குடும்பத்தின் அரையாண்டுச் சோற்றுக்கு வந்த நோயாகும்.

எருமைகளைப் பூட்டிச் சேறாக்கியதும், களவெட்டியில் மாடு கட்டிச் சூடு மிதித்ததும் முதியோரின் பேச்சில் மட்டும் உள்ளன. இன்று இரண்டு சில்லும் நான்கு சில்லும் கொண்ட உழவு இயந்திரங்களின் ஓசை விடியலுக்கு முன்பே எழுகின்றது. அவற்றுட் பல வயது முதிர்ந்தவை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதும், 2022 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 350 ஐத் தாண்டியதும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புதிய உதிரிப்பாகங்களின் விலை எட்டாக்கனியாயிற்று. இருந்த பழையதை ஒட்டியும் வெட்டியும் ஓட்டுவதே வழியாயிற்று. பழைய பாகங்களை வாங்கும் பழக்கம் முன்னரே இருந்ததாயினும், அக்காலத்திலிருந்து அது மேலும் வேரூன்றிவிட்டது. அப்பாகங்களுள் மிகுந்த ஆசையோடு வாங்கப்படுவதும், மிகுந்த ஏமாற்றத்தைத் தருவதும் ஒன்றே. அதுதான் சிலிண்டர் ஹெட்.

என்ஜினின் தலை என்று இதனைத் தமிழிற் சொல்லலாம்; பட்டறைகளில் 'ஹெட்' என்பதே வழக்கு. பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்களுக்கு மேலே மூடிபோல இறுக்கி வைக்கப்பட்ட கனத்த வார்ப்பு அது. மூடிதானே என்று எண்ணிவிடலாகாது. காற்றை உள்ளே விடும் வால்வும், புகையை வெளியே விடும் வால்வும் அதிலேதான் அமர்ந்திருக்கின்றன. டீசலைத் தூவும் இன்ஜெக்டரும் அதிலேதான் செருகப்பட்டுள்ளது. அதன் வயிற்றுக்குள்ளே நீர் ஓடுவதற்குக் கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால்கள் உண்டு. எண்ணெய் செல்வதற்கும் வழி உண்டு.

வயல் அறிந்தவர்களுக்கு இதனை விளக்குவது கடினமன்று. வால்வு என்பது மதகு. உரிய வேளையில் திறந்து, உரிய வேளையில் அடைய வேண்டும். நீர்வழி என்பது வாய்க்கால். தன் எல்லைக்குள்ளேயே ஓட வேண்டும். ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பிளொக்குக்கும் இடையே வைக்கும் கெஸ்கட் என்னும் மெல்லிய தகடு, வரம்புக்கு ஒப்பானது. நெருப்பும் நீரும் எண்ணெயும் ஒன்றையொன்று தொடாமல், ஒரு முழ இடத்துக்குள் அக்கம்பக்கமாக வாழ்கின்றன. அம்மூன்றையும் பிரித்து வைப்பதே ஹெட்டின் தொழில். வரம்பு உடைந்தால் வயல் என்னாகுமோ, அதுவே என்ஜினுக்கும் ஆகும்.

அந்த வரம்பின்மேல் விழும் பாரம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 1964 இன் இறுதியில் வெளிவந்து உலகெங்கும் வயல்களில் உழுத மாஸி பெர்குஸன் 135 என்னும் இயந்திரத்தை நம் வாசகர்களிற் பலர் அறிவர். அதன் மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் டீசல் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் 91.4 மில்லிமீற்றர், ஏறக்குறைய ஒரு தேநீர்க் கோப்பைத் தட்டின் நடுப்பகுதி அளவு. இத்தகைய என்ஜினில் டீசல் எரியும் கணத்தில், சதுர சென்றிமீற்றர் ஒன்றுக்குச் சுமார் 65 கிலோகிராம் அமுக்கம் உண்டாகிறதென்று கொள்வோம். அப்படியானால் ஹெட்டின் அந்தச் சிறு வட்டத்தை மேல்நோக்கித் தள்ளும் விசை நான்கு தொன்னுக்கும் அதிகம். மூடை ஒன்று 65 கிலோகிராமென்றால், அறுபதுக்குக் குறையாத நெல் மூடைகளின் பாரம்! என்ஜின் நிமிடத்துக்கு 1800 சுற்றுச் சுற்றும்போது, ஒவ்வொரு சிலிண்டரிலும் இந்த அடி விநாடிக்கு 15 முறை விழுகிறது. எரியும் வாயுவின் வெப்பம் கணநேரம் 2000 பாகை செல்சியஸ் வரை எட்டும். அதற்குச் சில மில்லிமீற்றர் அப்பால் ஓடும் நீரோ 80, 90 பாகையிலேயே நிற்க வேண்டும்.

நீர் தன் வேலையைச் செய்யும்வரை இரும்பு இத்தனையையும் பல்லாண்டு தாங்கும். நீர் தவறினால் சில நிமிடங்களிற் கதை மாறிவிடும். அறுவடைக் காலத்துத் தூசும் பதரும் ரேடியேற்றரின் கண்களை அடைக்கின்றன. உப்புக் கலந்த கிணற்று நீரையும் வாய்க்கால் நீரையும் ஆண்டுக்கணக்கில் ஊற்றியதால், உள்வழிகளிற் கேத்தலின் அடியிற் படிவதுபோல் காவி படிகின்றது. விசிறிப் பட்டி தளர்கிறது. என்ஜின் கொதிக்கிறது. அவ்வேளையில் ஓட்டுநர் பதறிப்போய், கையிற் கிடைத்த குளிர்ந்த நீரை வாளியோடு ஊற்றுகிறார். பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பின் ஒரு பக்கம் திடீரெனச் சுருங்க, மறுபக்கம் விரிந்தபடியே நிற்க, இரண்டு வால்வுகளுக்கும் இடையேயுள்ள குறுகிய பாலத்தில் மயிரிழை போன்றதொரு வெடிப்பு ஓடிவிடுகிறது. வெடிக்காவிட்டாலும் ஹெட்டின் அடிமுகம் வளைந்துவிடலாம். ஒரு மில்லிமீற்றரிற் பத்தில் ஒரு பங்கு வளைந்தாலே போதும். கெஸ்கட் எரிந்து வழிவிடும்.

இனி, இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வெடிப்பானாலும் வளைவானாலும் வெளியே தெரியும் குறிகள் ஒன்றே. ரேடியேற்றரிற் குமிழிகள் எழும். நீர் காரணமின்றிக் குறையும். புகை வெண்மையாக வரும். எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் நிறம் மாறும். இக்குறிகளைக் கண்டவுடன், 'ஹெட் போய்விட்டது' என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது பல இடங்களில் வழக்கம். தீர்ப்புக் கிடைத்ததும் உரிமையாளர் கொழும்புக்கு இரவு பஸ் ஏறுகிறார்.

கொழும்பு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை, பழைய வாகனப் பாகங்களுக்கு நாடறிந்த சந்தை. அங்கே கிடைக்காத பாகம் இல்லை என்பார்கள். நேர்மையான வணிகர்களும் அங்குண்டு. நல்ல பொருள்களும் உண்டு. ஆயினும் பழைய பாகங்களின் வியாபாரத்தில் நாடெங்கும் வழங்கும் ஒரு சொல்லைப்பற்றி எச்சரிக்கை அவசியம். 'ரீகண்டிஷன்' என்ற சொல்லே அது. பழுது நீக்கிப் புதுப்பித்தது என்று கேட்பவர் நினைக்கிறார். நம் நாட்டில் அது வெளிநாட்டிலே பாவித்து இங்கு இறக்கப்பட்டது என்பதற்கு மேல் எதனையும் உறுதி செய்வதில்லை. பிற நாட்டில் எந்த வாகனத்திலிருந்து அது கழற்றப்பட்டது, ஏன் கழற்றப்பட்டது, ஒருநாளாவது கொதித்ததா என்பனவற்றை ஹெட் வாய் திறந்து சொல்லாது. கழுவி, மணல் ஊதி, வெள்ளிப் பூச்சுப் பூசி வைத்தால் வெடிப்புள்ளதும் வெடிப்பில்லாததும் மணப்பெண் போலவே காட்சி தரும். நாம் காசு கொடுப்பது இரும்புக்கு என்று எண்ணுகிறோம். உண்மையில் அந்த இரும்பு கடந்துவந்த வெப்பத்தின் வரலாற்றையே வாங்குகிறோம்.

வரிப்பத்தான்சேனையில் நாம் தங்கிய நாளில் இதனை நேரிற் காணும் வாய்ப்புக் கிட்டியது. தெருவோரத்துக் கராஜ் ஒன்று. தகரக் கூரை, எண்ணெய் ஊறிய மண் தரை, வேப்பமர நிழல். மூன்று சிலிண்டர் கொண்ட பழைய உழவு இயந்திரம் ஒன்று தலையின்றி நின்றது. அறுபது வயது மதிக்கத்தக்க விவசாயி ஒருவர், பொலித்தீனிற் சுற்றிய ஹெட் ஒன்றை முச்சக்கர வண்டியிலிருந்து இறக்கிக் கொண்டிருந்தார். முந்திய இரவு கொழும்பிலே ஒரு கடையில் வாங்கியது. திருப்பி எடுக்க மாட்டோம் என்ற நிபந்தனையோடு முழுக் காசும் கொடுத்தாயிற்று. வாய்க்காலில் நீர் வர ஐந்து நாளே எஞ்சியிருந்தது.

பாஸ் என்று ஊரார் அழைக்கும் மெக்கானிக் வயதில் இளையவர். அவர் ஹெட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"இண்டைக்கே பூட்டிடலாமா தம்பி?" என்றார் விவசாயி.

"பூட்டுற வேல பொறகு காக்கா. முதல்ல இதுக்குத் தண்ணி காட்டுவம்," என்றார் அவர்.

ஹெட்டின் நீர்வழித் துளைகளை இறப்பர்த் தகடு வைத்து, கனத்த இரும்புப் பலகையால் மூடி இறுக்கினார். ஒரே ஒரு துளையில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அளவில் காற்றை ஏற்றினார். பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பாவில் நீர் நிரப்பி, அடியில் உமியும் விறகும் இட்டு எரித்து, கை வைக்க முடியாத சூடு வந்ததும் ஹெட்டைச் சங்கிலியிற் கட்டி உள்ளே இறக்கினார். "ஏன் வெந்நீர்?" என்று வினவினோம். குளிரில் வெடிப்பு வாய் மூடிக் கிடக்கும். சூட்டில் இரும்பு விரியும்போதுதான் வாய் திறக்கும் என்றார். என்ஜினுக்குள் அது இருக்கப்போவது சூட்டில்தானே?

சிறிது நேரம் ஒன்றும் இல்லை. விவசாயியின் முகம் மலர்ந்தது. பிறகு நடுச் சிலிண்டரின் இரண்டு வால்வுகளுக்கும் இடையிலிருந்து கடுகளவு குமிழி ஒன்று எழுந்தது. அதைத் தொடர்ந்து மற்றொன்று. பின் சரம் சரமாக. எவரும் பேசவில்லை. விவசாயி தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு மரவேரில் அமர்ந்தார். கொழும்புக்கும் இவ்வூருக்கும் இடையே முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். பையிலிருந்த காசு முடிந்துவிட்டது. மீண்டும் போய்வர நாளும் இல்லை.

"காசு போனா போகட்டும் தம்பி. தண்ணி வாற நாளும் போகப்போகுதே," என்றார் மெல்ல.

மெக்கானிக் பதில் சொல்லாமற் கராஜின் மூலைக்குச் சென்றார். வேறொருவர் கழற்றி, 'வெடித்துவிட்டது' என்று சொல்லி எறிந்திருந்த அந்த இயந்திரத்தின் சொந்த ஹெட் அங்கே கரி பிடித்துக் கிடந்தது. அதனையும் எடுத்துச் சுரண்டிக் கழுவி, அதே வெந்நீரில் இறக்கினார். அரை மணி நேரம் காத்திருந்தோம். அஸர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்து ஓய்ந்தது. ஒரு குமிழிகூட எழவில்லை! பின்னர் நேர்சட்டத்தை அதன் முகத்தில் வைத்து, அதன் அடியில் மெல்லிய அளவுத் தகடுகளை நுழைத்துப் பார்த்தார். நடுவிலே வளைவு இருந்தது, வெடிப்பு இல்லை. எரிந்தது கெஸ்கட், இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஹெட் வளைந்து மட்டுமே இருந்தது. நகரத்து லேத் பட்டறையில் முகத்தைச் சீவி எடுத்து, வால்வுகளைப் படியவைத்து, புதிய கெஸ்கட் போட்டால் தீரும் குறை.

பொன்னென்று வாங்கி வந்தது பித்தளை; குப்பையென்று எறிந்தது பொன்! இரண்டையும் பிரித்துக் காட்டியது அரைப் பீப்பா வெந்நீரே. அச்சோதனை முன்னரே நடந்திருந்தால் இரவுப் பயணமும் இல்லை, வீண் செலவும் இல்லை. வெடித்த ஹெட்டை அப்படியே பூட்டியிருந்தாலோ, நட்டம் இன்னும் பெரிதாயிருக்கும். நீர் எண்ணெயிற் கலந்தால் கிராங்கின் பெயரிங்குகள் தேய்ந்து அழியும். இரவில் சிலிண்டருக்குள் நீர் கசிந்து நிறைந்திருக்க, காலையில் ஸ்டார்ட் செய்தால், நீர் அமுங்காதாகையால் பிஸ்டனைத் தாங்கும் தண்டே வளைந்துவிடும். மலிவான தலை ஒன்று முழு உடலையும் கொன்றுவிடக்கூடும்.

ஆகவே, பழைய ஹெட் வாங்க நினைக்கும் அன்பர்களுக்கு அந்த மெக்கானிக் கூறியவற்றையும், இத்துறையிற் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டவற்றையும் தொகுத்துச் சொல்கிறோம். முதலாவது, உங்கள் சொந்த ஹெட்டைச் சோதிக்காமல் எறிய வேண்டாம். இரண்டாவது, வாங்குமுன் வார்ப்பிலுள்ள எண்ணை உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருப்பினும், டீசலை நேரே சிலிண்டருக்குள் தூவும் என்ஜினின் ஹெட்டும், சிறு முன்னறையில் தூவும் என்ஜினின் ஹெட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. மூன்றாவது, பூச்சுப் பூசியதை விரும்பாமல் கரியோடு இருப்பதை விரும்புங்கள்; கரி பொய் சொல்லாது. நான்காவது, முகம் முன்னரே எத்தனை முறை சீவப்பட்டது என்று பாருங்கள். தயாரிப்பாளர் குறித்த குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே போயிருந்தால், வால்வுகள் பிஸ்டனுக்கு அருகே வந்துவிடும். அதனை மீண்டும் சீவவும் இடமிராது. ஐந்தாவதே முதன்மையானது: அமுக்கச் சோதனையில் தேறினால் எடுப்பேன், தவறினால் திருப்புவேன் என்று காசு கொடுக்குமுன் பேசிக்கொள்ளுங்கள், எழுத்தில் வாங்கினால் இன்னும் நன்று. அதற்கு இணங்காத கடைக்காரரின் மௌனமே ஒரு சோதனை முடிவு அன்றோ!

அலுமினிய ஹெட்டுள்ள வான், கார் உரிமையாளர்கள் மேலும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். அளவுக்கு மீறிக் கொதித்த அலுமினியம் தன் உறுதியையே இழந்து மென்மையாகிவிடும். வெடிப்பின்றித் தோன்றினும், போல்ட்டுகளின் இறுக்கத்தைத் தாங்காது.

வாங்கியபின் பூட்டுவதிலும் முறை உண்டு. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, படிப்படியாக, அளவுச் சாவியால் இறுக்க வேண்டும். என்ஜின் கொதித்தால் உடனே தண்ணீர் ஊற்றவும் கூடாது; ரேடியேற்றர் மூடியைத் திறக்கவும் கூடாது. மூடியைத் திறந்து முகம் வெந்தோர் பலர். நிறுத்தி, ஆறவிட்டு, பின்னர் சிறிது சிறிதாக நீர் விடுவதே முறை. துரு தடுக்கும் மருந்து கலந்த நன்னீரும், நாள்தோறும் பதர் தட்டிய ரேடியேற்றரும், ஒரு ஹெட்டின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

நீர் தன் வாய்க்காலை விட்டு விலகாதபடி காக்கும் கலை, இவ்வட்டாரத்து மக்களுக்குப் புதிதன்று. வாய்க்காலில் நண்டு துளைத்த சிறு பொந்தைக்கூட, நீர் திறக்குமுன் நடந்து பார்த்துச் சேறு அப்பி அடைக்கிறார்கள். நீர் வந்தபின் அடைக்க முடியாது என்பது அவர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த உண்மை. அந்த நடையையே இரும்பின் வாய்க்காலுக்கும் ஒருமுறை நடந்துவிட்டால் போதும். வரிப்பத்தான்சேனை வயல்களில் அடுத்த போகத்து விதைநெல், குறித்த நாளில் மண்ணைச் சேர்ந்துவிடும்.